கியர்பாக்ஸ் போனால் வண்டி போகாது

“கியர்பாக்ஸ் போயிடுச்சா? அப்ப வண்டியத் தள்ளி விட்டுடுங்க.” பழைய கார் வைத்திருக்கும் எவரும் இந்த அறிவுரைக்குத் தப்பியதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார், மச்சான் சொல்வார், வண்டியை அடிமாட்டு விலைக்கு வாங்கக் காத்திருக்கும் புரோக்கர் இன்னும் அழுத்திச் சொல்வார். இதோடு இன்னொரு நம்பிக்கையும் ஒட்டிக்கொண்டு வரும்: கியர்பாக்ஸில் தேர்ந்த மெக்கானிக் தவிர யாரும் கை வைக்கக் கூடாது, வீட்டில் நடக்கிற காரியமில்லை அது. இரண்டுமே தவறு. இன்னும் பல ஆண்டுகள் ஓடக்கூடிய வண்டிகளை இந்த இரண்டு தவறுகளும் சேர்ந்து காயலான் கடைக்கு அனுப்பிக்கொண்டிருக்கின்றன.

மாருதி 800-ஐ எடுத்துக்கொள்வோம். 1983 டிசம்பரில் சாலைக்கு வந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற வண்டி. இந்தியாவில் மட்டும் 25 லட்சத்துக்கும் மேல் விற்றது. அதன் 796 சிசி எஞ்சின் பானட்டுக்குள் குறுக்குவாட்டில் உட்கார்ந்திருக்கிறது. எஞ்சினின் பக்கவாட்டில் போல்ட் போட்டு முடுக்கிய அலுமினியக் கூடுதான் கியர்பாக்ஸ். வெல்டிங் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. கழற்றி மாட்ட வேண்டியிருக்கும் என்று தெரிந்தே அதை அப்படி அமைத்திருக்கிறார்கள். கிளட்ச் பிளேட் தேய்ந்தால் கியர்பாக்ஸை இறக்காமல் மாற்ற முடியாது. ஆகவே கிளட்ச் பிளேட் வேலை என்று மெக்கானிக் பில் போட்ட ஒவ்வொரு முறையும் அந்த கியர்பாக்ஸ் கீழே இறங்கி மறுபடி மேலே ஏறியிருக்கிறது. அப்போதெல்லாம் வண்டி முடிந்தது என்று யாரும் சொல்லவில்லை. இறங்கிய பெட்டிக்குப் பதிலாக நல்ல பெட்டி ஒன்று ஏறினால் அதுதான் கியர்பாக்ஸ் மாற்றுவது. வேலை அதே வேலை.

முதலில், போனது கியர்பாக்ஸ்தானா என்று பார்க்க வேண்டும். எஞ்சினை நிறுத்தி வைத்து எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் அடம் பிடித்தால் குற்றம் பெரும்பாலும் கிளட்சில்தான்: கேபிள் இழுத்துப்போயிருக்கலாம், பிளேட் ஒட்டிக்கொண்டிருக்கலாம். லீவர் தொளதொளவென்று ஆடினால் அடியில் இருக்கும் கியர் ராடின் புஷ்ஷைப் பாருங்கள். நியூட்ரலில் வரும் இரைச்சல் கிளட்சை மிதித்ததும் நின்றுவிட்டால் கியர்பாக்ஸுக்குள் இன்புட் ஷாஃப்ட் பேரிங் போயிருக்கும். மிதித்தால்தான் இரைச்சல் வருகிறது என்றால் அது வெளியே இருக்கும் ரிலீஸ் பேரிங். குறிப்பிட்ட ஒரு கியர் மட்டும் கரகரத்தால் அந்த கியரின் சிங்க்ரோ ரிங் தேய்ந்திருக்கலாம். காசு செலவில்லாத இந்தச் சோதனைகளைக்கூடச் செய்யாமல் கியர்பாக்ஸுக்குச் சாவுத் தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

உண்மையிலேயே கியர்பாக்ஸ் போயிருந்தாலும், விற்றுவிடச் சொல்பவர்கள் போடும் கணக்கு தப்பானது. “வண்டி விலையே அவ்வளவுதான், அதுல பாதிய செலவு பண்ணுவீங்களா?” என்கிறார்கள். பழைய வண்டியின் சந்தை விலை, அதை விற்பவருக்கு வேண்டிய எண். ஓட்டுபவர் பார்க்க வேண்டிய எண் வேறு. இந்த வண்டி செய்யும் வேலையை, அதாவது அம்மாவை ஆஸ்பத்திரிக்கும் பிள்ளைகளைப் பள்ளிக்கும் கொண்டுபோகிற வேலையை, இன்னொரு வண்டி செய்ய எவ்வளவு ஆகும்? முன்பணம், மாதத் தவணை, வட்டி, புது வண்டியின் இன்ஷூரன்ஸ் எல்லாவற்றையும் கூட்டி, அதன் பக்கத்தில் ஒரு பழைய கியர்பாக்ஸின் விலையை வைத்துப் பாருங்கள். வேலையை நாமே செய்தால் கூலியும் மிச்சம். எஞ்சின் நன்றாக இருந்து, அடித்தகட்டில் துரு ஏறாமலும் இருக்கிற வண்டியை கியர்பாக்ஸுக்காக விற்பது நஷ்ட வியாபாரம். பழைய காரின் ஆயுளை உண்மையில் முடிப்பது துரு. கியர்பாக்ஸுக்கு அந்த அதிகாரம் இல்லை.

மாற்றுப் பெட்டி கிடைக்குமா என்ற கவலையும் வீண். சென்னைப் புதுப்பேட்டை போன்ற சந்தைகள் இதற்காகத்தான் இருக்கின்றன. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. மாருதி 800-இல் பெரும்பாலானவற்றுக்கு 4 கியர், பின்னாளில் வந்த சில வகைகளுக்கு 5. நம் வண்டிக்கு எது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். இன்புட் ஷாஃப்டைக் கையால் சுற்றுங்கள், பக்கவாட்டில் ஆட்டம் இருக்கிறதா பாருங்கள், ஒவ்வொரு கியராக விழவைத்துச் சுற்றுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் ஆயிலை உள்ளங்கையில் வடித்துப் பாருங்கள். மை போன்ற நுண்ணிய தூள் சகஜம். விரலில் நெருடும் இரும்புச் சில்லு வந்தால் அந்தப் பெட்டி வேண்டாம். ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும்தான் பதிவாகின்றன. அதே மாடல் கியர்பாக்ஸை மாற்றினால் அதில் எதையும் திருத்த வேண்டியதில்லை.

இனி வேலை. பேட்டரியைக் கழற்ற வேண்டும். கிளட்ச் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள், ரிவர்ஸ் லைட் ஒயர், ஸ்டார்ட்டர் மோட்டார், கியர் ராடு ஆகியவற்றைப் பிரித்து, ஆயிலை வடித்து, டிரைவ் ஷாஃப்ட்களை உருவ வேண்டும். பெட்டியைத் தாங்கும் மவுண்ட்டைக் கழற்றும் முன் எஞ்சினுக்குத் தனியாக முட்டுக் கொடுக்க வேண்டும். எல்லாம் பொறுமையும் வரிசையும் கேட்கிற வேலைகள். கழற்றிய போல்ட்டுகளை இடவாரியாகத் தனித்தனி டப்பாவில் போட்டு வைத்தால் பாதிக் குழப்பம் இல்லை. பெட்டி இறங்கியிருக்கும்போதே கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், ஆயில் சீல்களைப் புதிதாகப் போட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

நுட்பம் கேட்கும் இடம் ஒன்றுதான்: பெட்டியைத் திரும்ப ஏற்றும் நேரம். பிரஷர் பிளேட்டை முடுக்கும் முன் கிளட்ச் பிளேட்டைச் சரிநடுவில் நிறுத்த வேண்டும். அதற்கான அலைன்மென்ட் டூல் இல்லையென்றால் பழைய இன்புட் ஷாஃப்ட் போதும். பிறகு பெட்டியை நேர்மட்டமாகப் பிடித்துத் தள்ளும்போது ஷாஃப்டின் பற்கள் பிளேட்டின் பற்களுக்குள் இறங்க வேண்டும். இறங்கவில்லையா? பெட்டியை டாப் கியரில் போட்டு, எஞ்சினின் கிராங்க் புல்லியை மெல்லத் திருப்பிக்கொடுத்தால் பற்கள் ஒன்றையொன்று கண்டுகொள்ளும். சரியாகச் சேர்ந்தால் கூடு எஞ்சினோடு கையாலேயே முட்டி நிற்கும். இடைவெளி தெரியும்போது போல்ட்டை முடுக்கி இழுக்கவே கூடாது. இழுத்தால் கிளட்ச் பிளேட் வளையும், கூடு விரிசல் விடும். வீட்டில் செய்தால் கெட்டுவிடும் என்று பயமுறுத்துபவர்கள் சொல்லும் கதைகளில் பல, இந்த ஒரு விதியை மீறியதால் வந்தவை. விதி தெரிந்தவனுக்கு அந்தக் கதை நேராது.

ஒரு பயம் மட்டும் நியாயமானது: வண்டிக்கு அடியில் படுக்கிற பயம். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு அல்ல. சமமான சிமென்ட் தரை, உறுதியான ஸ்டாண்டுகள், பின்சக்கரங்களுக்குக் கட்டை, கழற்றிய சக்கரங்கள் வண்டியின் அடியில், பக்கத்தில் இன்னொரு ஆள். இவை இல்லாமல் தொடங்கவே கூடாது. ஹாலோ பிளாக் எச்சரிக்கை இல்லாமல் நொறுங்கும், அதன் மேல் வண்டியை நிறுத்தக் கூடாது. பெட்டியை மார்பின் மேல் தாங்கி இறக்கக் கூடாது, அதற்கும் ஒரு ஜாக்கி வேண்டும். இவற்றைச் செய்ய முடியாதவர் மெக்கானிக்கிடம் போவதில் குறைவொன்றுமில்லை. எல்லைகளும் உண்டு. ஆட்டோமேட்டிக் வண்டிகளும் கனமான டீசல் ஜீப்புகளும் வீட்டு முற்றத்துக்கு ஏற்றவை அல்ல. பெட்டியைப் பிரித்து உள்ளே பேரிங் மாற்றுவது, அதை அழுத்திப் பொருத்தும் பிரஸ் இருக்கிற பட்டறையின் வேலை. நான் பேசுவது முழுப் பெட்டியை மாற்றுவதைப் பற்றி மட்டுமே.

இந்த எல்லைக்குள் நின்று சொல்கிறேன்: தெரியாததை முடியாதது என்று நம்பவைத்ததில்தான் நாம் ஏமாந்தோம். அடுத்த முறை யாராவது கியர்பாக்ஸ் போச்சு, வண்டியைக் கொடுத்துவிடு என்றால், எந்த கியர், எந்தச் சத்தம், எதைச் சோதித்துப் பார்த்தாய் என்று திருப்பிக் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரின் பேச்சைக் கேட்டு வண்டிச் சாவியைக் கை மாற்றாதீர்கள்.