டானுக்கு முன்னால் ஒரு சட்டம்



பம்பாய் நிழலுலகத்தின் வரலாறு அடுத்த இதழிலிருந்து தொடராக வருகிறது. அறிவிப்பு வெளியானதுமே கடிதங்கள் வரத் தொடங்கிவிட்டன. "வரதாபாய் எப்போது வருவார்?" என்பதுதான் பெரும்பாலோர் கேள்வி. வருவார். ஹாஜி மஸ்தானும் வருவார். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் சில அத்தியாயங்களில் டான் யாரும் கிடையாது, சட்டங்கள்தான்.

1949-ல் பம்பாயில் மதுவிலக்குச் சட்டம் வந்தது. குடிக்க பெர்மிட் வேண்டும். குடிப்பவர்கள் குறைந்தார்களோ என்னவோ, சாராயம் காய்ச்சுபவர்கள் பெருகினார்கள். தாராவியை ஒட்டிய சதுப்பும் புதரும் ஊறல் போட வாகாக இருந்தன. வெல்லம், அழுகல் பழம், நவச்சாரம்... முதலீடு அவ்வளவுதான். விக்டோரியா டெர்மினஸில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த தூத்துக்குடிக்காரர் வரதராஜன் முதலியார், அதாவது வரதாபாய், மேலே வந்தது இந்தத் தொழிலில்தான்.

அடுத்தது தங்கம். மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்த காலத்தில், 1963-ல், தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. 14 காரட்டுக்கு மேல் புதிதாக நகை செய்யக் கூடாது. 14 காரட்டில் தாலி செய்து கொடுத்தால் எந்தச் சம்பந்தி வாங்கிக்கொள்வார்? நம் ஊர் ஆசாரிமார் பலர் பட்டறையை மூடிவிட்டுப் பிழைப்புக்கு அலைந்தார்கள். அதே சமயம் துபாயிலிருந்து படகுகளில் பத்து தோலா பிஸ்கட் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஒன்று 116 கிராம் சொச்சம், உள்ளங்கையில் மூடிவிடலாம். கேன்வாஸ் சட்டையில் சின்னச் சின்னப் பைகளாகத் தைத்து, அவற்றில் செருகிக்கொண்டு வந்தார்கள். ராமநாதபுரம் பக்கம் பனைக்குளத்தில் பிறந்து, பம்பாய்த் துறைமுகத்தில் கூலியாகச் சேர்ந்த மஸ்தான் வெள்ளை உடைக்கும் பென்ஸ் காருக்கும் மாறியது இந்தக் கடத்தல் காலத்தில்.

1968-ல் முழுச் சட்டமாகவே ஆன அந்தக் கட்டுப்பாட்டை 1990-ல் அரசே நீக்கியது. ஆனால் கடத்தலுக்குப் பழகிய கரை பழகியதுதான். கொங்கண் கடற்கரையில், சேகாடி போன்ற ஒதுக்குப்புறமான இடங்களில், 1993-ல் இறங்கியது ஆர்.டி.எக்ஸ். வெடிமருந்து. மார்ச் 12 அன்று பம்பாயில் குண்டுகள் வெடித்து 257 பேர் இறந்தார்கள். சரக்கைக் கண்டும் காணாமல் விட்ட சுங்க அதிகாரிகளுக்கும் அந்த வழக்கில் தண்டனை கிடைத்தது. தொடரில் என்னைத் தூங்கவிடாத அத்தியாயம் இதுதான். துப்பாக்கிச் சண்டை ஒன்றுகூட அதில் இல்லை.

நமக்கு இன்னொரு சிக்கல், வரதராஜன் கதையை ஒட்டிய 'நாயகன்' படம். வரதராஜன் உயிரோடு இருந்தபோதே, 1987 தீபாவளிக்குப் படம் வந்துவிட்டது. அடுத்த ஜனவரியில் அவர் சென்னையில் இறந்தார். அன்றிலிருந்து தமிழ் வாசகருக்கு வரதராஜன் என்றால் கமல் முகம்தான். படம் எனக்கும் பிடிக்கும், அது வேறு. 1966-ல் சிவசேனா தொடங்கி, லுங்கி கட்டியவர்களை விரட்டு என்று தெருவில் கோஷம் போட்டபோது, தாராவித் தமிழர்களுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டார் என்பது உண்மை. அவர் போட்ட சோற்றைப் பற்றிச் சொல்ல இன்றும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்தச் சாராயத்தில் கூலியைத் தொலைத்தவனின் மனைவியிடம் போய் யாரும் கேட்டு எழுதவில்லை. எங்கள் கட்டுரையாளர் அந்த வீடுகளைத்தான் தேடிப் போகிறார்.

எழுதுவதில் சில கட்டுப்பாடுகள் வைத்திருக்கிறோம். உயிரோடு இருப்பவர் மீது குற்றம் சொல்வதென்றால் தீர்ப்பு நகல் கையில் இருக்க வேண்டும். ஓய்வுபெற்ற போலீஸ்காரர் சொல்லும் வீரக்கதைக்கும் தாதா சொல்லும் வீரக்கதைக்கும் ஒரே தராசுதான். இரண்டு பேருமே நன்றாகக் கதை சொல்வார்கள்! இது விளையாட்டான வேலையும் அல்ல. மும்பையின் குற்றச் செய்தியாளர் ஜே. டே 2011 ஜூன் 11 அன்று பவாயில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கொலைக்காக நிழலுலக தாதா சோட்டா ராஜனுக்கு ஆயுள் தண்டனை வர 2018 ஆனது. அதனால்தான் கட்டுரையாளரின் புகைப்படம் தொடரில் இருக்காது. பெயரும் புனைபெயரே.

உங்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். தாராவி, மாதுங்கா, ஆன்டாப் ஹில் பக்கம் 50-களிலிருந்து 80-கள் வரை குடியிருந்த குடும்பங்கள் நம் வாசகர்களில் நிறைய உண்டு. ரேஷன் கார்டு, வாடகைச் சீட்டு, ஊருக்கு எழுதிய இன்லண்ட் லெட்டர், மாதுங்கா கணபதி பந்தலில் எடுத்த படம், எது இருந்தாலும் நகல் எடுத்து அனுப்புங்கள். மூலத்தை அனுப்ப வேண்டாம், தபாலில் தொலைந்தால் ஈடு செய்ய முடியாது. பெயர் வேண்டாம் என்றால் மேலே ஒரு வரி எழுதிவிடுங்கள், போட மாட்டோம். கையால் எழுதி அனுப்பினாலும் போதும், எந்தக் கையெழுத்தையும் படித்துவிடக்கூடிய பிழைதிருத்துநர் ஒருவர் எங்களிடம் இருக்கிறார்.

அன்புடன்,
ஆசிரியர்