கூட்டம் எங்கே நடக்கிறது?
டாஸ்மாக் கடைக்கு யாரும் வழி கேட்பதில்லை. குடியை விட விரும்புவோர் பெயர் வெளியிடாமல் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குக் கேட்டாலும் சொல்ல ஆளில்லை. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரனில் தொடங்கிய அந்த அமைப்பு கட்டணம் கேட்பதில்லை. பள்ளி வகுப்பறையோ தேவாலயக் கூடமோ கிடைத்தால் போதும், நாலு நாற்காலியைப் போட்டுப் பேசத் தொடங்கிவிடுவார்கள். பெயரை மறைப்பது உறுப்பினருக்காக, இடத்துக்காக அல்ல. ஆகவே நாள், நேரம், முகவரியை அரசு மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவில் தமிழில் ஒட்டிவைக்கலாம். பேசினால் குடி போய்விடுமா என்பார்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை அலசி 2020இல் வெளியிட்ட தொகுப்பு, இக்கூட்டங்களுக்கு முறையாகக் கொண்டுசேர்க்கும் சிகிச்சை, குடியை அறவே விட்டிருப்பதில் மற்ற உளவியல் சிகிச்சைகளை விஞ்சுவதாகச் சொல்கிறது. இக்கூட்டங்களில் வரும் கடவுள் பேச்சு பிடிக்காதவர்களுக்கு வேறு வழி வேண்டும்தான். நெடுநாள் குடித்தவர் சட்டென நிறுத்தினால் வலிப்பு வரலாம், அதற்கு டாக்டர்தான். ஆனால் டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைகளுக்குக் கீழே கூட்டத்தின் முகவரியையும் எழுத அவருக்கு ஒரு நிமிடம் ஆகாது.