கே.சுப்ரமணியம்: தடைக்கு அப்பால்

தமிழ் சினிமாவின் முன்னோடிகளைப் பட்டியலிடும்போதெல்லாம் கே.சுப்ரமணியத்தின் பெயரை நாம் தவறாமல் சொல்லிவிடுகிறோம். கூடவே, 'தியாகபூமி'யை ஆங்கிலேய அரசு 1940-ல் தடைசெய்த செய்தியையும். அத்துடன் நம் கடமை முடிந்துவிடுகிறது. ஒரு படைப்பாளியை ஒற்றைச் சம்பவத்துக்குள் அடக்கிவிடுவது அவரை மறப்பதற்கான கௌரவமான வழி என்றே தோன்றுகிறது.

1904-ல் பாபநாசத்தில் பிறந்த சுப்ரமணியம் சட்டம் படித்தவர். மௌனப்படக் காலத்தில் ராஜா சாண்டோவுடன் பணியாற்றித் திரைக்கதை எழுதப் பழகியவர். அவர் முதலில் இயக்கிய 'பவளக்கொடி' (1934) மேடை நாடகத்தின் நீட்சிதான். எம்.கே.தியாகராஜ பாகவதரையும் எஸ்.டி.சுப்புலட்சுமியையும் திரைக்குத் தந்தது என்பதே அதன் வரலாற்று இடம். புராணமும் பாட்டும் விலைபோன அக்காலத்தில் அவர் அதே வழியில் பத்திரமாக நடந்திருக்கலாம்.

மாறாக, அடுத்தடுத்து மூன்று படங்களில் ஒரே கேள்வியை அவர் கேட்டார்: வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட பெண் எங்கே போவாள்? 'பாலயோகினி'யில் (1937) அவள் பிராமண விதவை. ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த வேலைக்காரரின் வீட்டில் அடைக்கலம் பெறுகிறாள். அவ்வேடத்தில் உண்மையான விதவை ஒருவரையே நடிக்க வைத்த சுப்ரமணியம் வைதிகர்களின் சாதி விலக்கத்துக்கு ஆளானார். பிரேம்சந்தின் நாவலைத் தழுவிய 'சேவாசதனம்' (1938) எம்.எஸ்.சுப்புலட்சுமியின் முதல் படம். அதில் அவள் முதியவருக்கு மணமுடிக்கப்பட்டு, அவரது சந்தேகத்தால் தெருவுக்கு வந்தவள்.

இவற்றின் உச்சம் 'தியாகபூமி' (1939). படம் தயாராகும்போதே, ஓவியங்களுக்குப் பதிலாகப் படக்காட்சிகளின் புகைப்படங்களுடன் கல்கியின் கதை ஆனந்த விகடனில் தொடராக வந்தது. கணவனால் கைவிடப்பட்ட சாவித்திரி பின்னாளில் செல்வந்தராகிறாள். அவள் தன்னுடன் வாழ வரவேண்டும் என்று வழக்கிடுகிறான் ஸ்ரீதரன். மறுக்கும் அவள், வேண்டுமானால் கணவனுக்கு ஜீவனாம்சம் தரத் தயார் என்கிறாள். இந்துப் பெண்களுக்கு விவாகரத்து உரிமை பொதுவாகக் கிடைத்திராத ஆண்டில் ஒலித்த வசனம் இது. வழக்கறிஞராகப் பயின்ற இயக்குநருக்கு அதன் கனம் தெரியாமல் இருந்திருக்காது.

குறையும் உண்டு. சாவித்திரியின் மறுப்பைத் தனித்து நிற்க விடாமல், கதை அவளை விடுதலைப் போராட்டத்துக்குள் கொண்டு சேர்க்கிறது. தேசம் என்னும் பெரிய வீடு கிடைத்ததும், பழைய வீட்டைப் பற்றிய கேள்வி அடங்கிப்போகிறது. பின்வந்த விமர்சகர்களும் கதர் ராட்டையையே பார்த்தார்கள். நீதிமன்றக் கூண்டில் நின்றவளைப் பார்க்கவில்லை. காந்தியம் பேசியதற்காக அரசு தடைசெய்த படத்தை, காந்தியம் பேசிய படமாக மட்டுமே நாமும் நினைவில் வைத்துக்கொண்டோம். தடை போட்டவர்களின் வாசிப்பையே நம் வாசிப்பாக ஏற்றுக்கொண்டோம் என்பதுதான் இதன் பொருள்.

ஸ்ரீதரன் தொடுத்த வழக்குக்கு இந்து திருமணச் சட்டத்தின் 9-ஆவது பிரிவில் இன்னமும் இடமிருக்கிறது. ஆந்திர உயர் நீதிமன்றம் 1983-ல் அப்பிரிவைச் செல்லாது என்றது. உச்ச நீதிமன்றம் 1984-ல் செல்லும் என்றது. ஆக, சாவித்திரியின் வழக்கு முடியவில்லை.

சுப்ரமணியம் 1971-ல் மறைந்தார். 'தியாகபூமி'யின் பிரதி புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. தேசபக்திப் படம் என்ற முகவரியைச் சற்றே ஒதுக்கிவைத்துவிட்டு அதை நாம் பார்க்கவேண்டும்.