கட்டிவிட்டுத் திட்டமிடலாமா?

"திட்டம், உத்தி என்று மாதக்கணக்கில் பேசாதீர்கள், இணையதளத்தைக் கட்டுங்கள், பிறகு திருத்திக்கொள்ளலாம்" என்கிறார்கள். வேகம் நல்லதுதான். ஆனால் எது பிறகு திருத்தக்கூடியது? பொத்தானின் நிறத்தை மாலையில் மாற்றலாம். வருபவர் முதலில் என்ன செய்ய வேண்டும் என்ற முடிவை அப்படி மாற்ற முடியாது.

அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டுத் தளமான ஹெல்த்கேர்.கவ் 2013 அக்டோபர் 1 அன்று திறந்தது. காப்பீட்டுத் திட்டங்களைப் பார்வையிடவே முதலில் கணக்குத் தொடங்க வேண்டும் என்ற நிலை கடைசி நேரத்தில் வந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்களும் பதிவு வாசலில் குவிந்தார்கள், வாசல் அடைத்துக்கொண்டது. முதல் நாளில் காப்பீட்டில் சேர முடிந்தவர்கள் 6 பேர். அங்கே தெளிவான தலைமையும் உரிய காலத்தில் எடுத்த முடிவுகளும்தான் இல்லை.

பிரிட்டன் அரசின் பொதுத் தளமான கவ்.யூகேயின் முன்மாதிரி 2011இல் சில வாரங்களில் உருவானதே என்று கேட்பீர்கள். உண்மை. ஆனால் அதற்கு முன்பே, 2010இல், மார்த்தா லேன் ஃபாக்ஸ் அரசுக்கு அளித்த அறிக்கை திசையைச் சொல்லிவிட்டது: சிதறிக் கிடக்கும் அரசுத் தளங்களை ஒன்றாக்கு, குடிமக்களின் தேவையிலிருந்து தொடங்கு. முன்மாதிரியும் அந்த எண்ணத்தைச் சோதிக்கவே கட்டப்பட்டது. முழுத் தளம் 2012 அக்டோபரில்தான் வந்தது.

நூறு பக்க ஆவணம் வேண்டாம். யாருக்கு, எதற்கு, வெற்றியை எப்படி அளப்பது, யார் பராமரிப்பது என்ற நான்கு கேள்விகளுக்கு ஒரு பக்கத்தில் பதில் எழுதுங்கள். அதை எழுத முடியாதவர் நிரல் எழுதத் தொடங்கக் கூடாது.