நாய்க்குட்டியின் வயிற்றில் சாத்தே குச்சி

கர்னி டிரைவ் அங்காடிக் கடைகளில் சாத்தே தின்று முடித்ததும் குச்சியை எங்கே போடுகிறீர்கள்? கீழே விழுந்தால் நமக்கு அது குப்பை. நாய்க்குட்டிக்கு அது கறி. கொழுப்பும் கடலைக் குழம்பும் ஊறிய மூங்கிலை மெல்லாமலே விழுங்கிவிடும்.

மூங்கில் செரிக்காது. அதன் கூர்முனை இரைப்பைச் சுவரைத் துளைத்துக் கல்லீரலுக்கோ நெஞ்சறைக்கோ நகர்ந்து சீழ் பிடிக்க வைத்த நிகழ்வுகள் கால்நடை மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. சில சமயம் நாம் மறந்தே போன பிறகுதான் காய்ச்சல் வரும்.

இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. 'உப்புத் தண்ணீர் ஊற்று, வாந்தி எடுத்துவிடும்' என்பார் பக்கத்து வீட்டுக்காரர். தயவுசெய்து கேட்காதீர்கள். கூரான பொருள் திரும்பி வரும்போது உணவுக்குழாயைக் கிழிக்கும். உப்போ ரத்தத்தில் சோடியத்தை ஏற்றி, மூளைச் செல்களிலிருந்து நீரை உறிஞ்சி வலிப்பை வரவழைக்கும். 3 கிலோ குட்டிக்கு ஒரு மேசைக்கரண்டி உப்பே உயிரைப் பறிக்கலாம். குச்சியைவிட வைத்தியம் முந்திக்கொள்ளும்! காலுறை போன்ற மிருதுவான பொருளானால் மருத்துவரே ஊசி போட்டு வாந்தி எடுக்க வைப்பதுண்டு. அந்த முடிவு அவருடையது.

நூலை விழுங்கி, அதன் முனை ஆசனவாயில் தொங்கினால் இழுக்காதீர்கள். பாவாடை நாடாவை இழுத்தால் துணி சுருங்குவது போலக் குடல் சுருங்கி அறுபடும். பொத்தான் பேட்டரி என்றால் ஒரு நிமிடமும் காத்திருக்க வேண்டாம். அதன் மின்னோட்டம் உருவாக்கும் காரம் சில மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடும்.

எக்ஸ்ரேயில் உலோகம் தெரியும்; மூங்கிலும் துணியும் பெரும்பாலும் தெரியாது. 'படத்தில் ஒன்றுமில்லை' என்றதும் நிம்மதியாகத் திரும்பாமல், விழுங்கியது என்னவென்று சொல்லுங்கள், அதே மாதிரி இன்னொரு குச்சியைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். இரைப்பையில் இருக்கும்வரை உள்நோக்குக் குழாயால் எடுக்க வாய்ப்புண்டு. சிறுகுடலுக்கு இறங்கி அடைத்துக்கொண்டால் அறுவைச் சிகிச்சைதான். காலைவரை பார்ப்போம் என்று தள்ளிப்போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

சாத்தே குச்சிக் கணக்கில்தான் விற்கிறது. விற்ற கணக்கு உண்டு, திரும்பி வந்த கணக்கு இல்லை. மேசைக்கு ஒரு குச்சிக் குவளை வைக்க அங்காடிக்காரருக்கு என்ன செலவாகிவிடும்?

நள்ளிரவில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை தீவிலேயே இருக்கிறதா, பாலம் தாண்டிப் பட்டர்வொர்த் போக வேண்டுமா என்பதைக் குட்டி வீட்டுக்கு வந்த அன்றே விசாரித்து, எண்ணைத் தொலைபேசியில் பதிந்து வையுங்கள்.