வானத்துக் கண்ணும் நம் ஊர்த் தாங்கலும்

வானத்தில் 700 கிலோ மீட்டருக்கும் மேலே நின்று பார்த்தால் நம் தட்டாஞ்சாவடி எப்படித் தெரியும் என்று நாம் என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? இவ்வாண்டு பூகோள வகுப்பில் செயற்கைக்கோள் படம் ஒன்றை முதன்முதலாகப் பார்த்தபோது எங்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது. வயல்கள் எல்லாம் இரத்தச் சிவப்பு; ஊசுட்டேரி கன்னங்கறுப்பு. தொழிற்பேட்டையும் நம் தெருக்களும் சாம்பல் கலந்த நீலத் திட்டாய் ஒட்டிக் கிடந்தன. "சாயம் மாறி அச்சாகிவிட்டது போலும்!" என்றாள் எங்களில் ஒருத்தி.

சாயம் மாறவில்லை. பச்சை இலை நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை மிகுதியாகத் திருப்பி அனுப்புகிறது. தண்ணீரோ அதை விழுங்கிவிடுகிறது. அந்த ஒளியைச் சிவப்பு நிறத்தால் காட்டுவதென்று விஞ்ஞானிகள் வழக்கப்படுத்திக்கொண்டார்கள். ஆகவே செழித்த பயிர் சிவக்கும், நீர் கறுக்கும். நம் நாட்டில் இக்கலைக்கு வித்திட்ட பி. ஆர். பிஷரோட்டி அவர்கள், 1970-ஆம் ஆண்டு வாக்கில் கேரளத்துத் தென்னந்தோப்புகளை ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்புப் படச்சுருளில் படமெடுத்து, வாடல் நோய் கண்ட மரங்களைக் கண்டறியச் செய்தார் என்று அறிந்தபோது எங்கள் சிரிப்பு வியப்பாக மாறியது.

1972-ஆம் ஆண்டு ஜூலையில் அமெரிக்கா ஏவிய முதல் லாண்ட்சாட், பூமியை ஏறத்தாழ 80 மீட்டர் சதுரப் புள்ளிகளாகப் பார்த்தது. ஒரு புள்ளிக்குள் ஒன்றரை ஏக்கருக்கு மேல் அடங்கிவிடும். 1982-இல் வந்த லாண்ட்சாட் 30 மீட்டராகக் குறைத்தது. அது சுமார் 22 சென்ட். நம் நாட்டின் ஐ.ஆர்.எஸ். 1ஏ 1988-ஆம் ஆண்டு மார்ச்சில் விண்ணேறியது. 2015 முதல் சுற்றிவரும் ஐரோப்பாவின் சென்டினல்-2 காட்டும் புள்ளி 10 மீட்டர், அதாவது இரண்டரை சென்ட்! நம் அப்பாக்கள் கடன் வாங்கி வீடு கட்டும் மனையின் அளவு அது. லாண்ட்சாட்டின் பழைய படங்களை 2008 முதல் எவரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆசிரியை சொன்னார்கள். பள்ளிப் பெண்கள் எடுக்கலாமா என்று கேட்டோம். தாராளமாக என்றார்கள்.

அங்கேதான் எங்கள் விளையாட்டு வினையாயிற்று.

2024 நவம்பர் 30-ஆம் நாள் இரவு பெஞ்சல் புயல் நம் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்ததையும், ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் அதிகமாக மழை கொட்டியதையும் யாரும் மறந்திருக்க மாட்டோம். எங்கள் தோழி ஒருத்தியின் வீட்டில் அன்று முழங்காலுக்கு மேல் தண்ணீர். அடுத்த தெருவில் வாசற்படியைக்கூட அது தொடவில்லை. ஏன் இப்படி என்று அறியும் ஆவலில், 1990-களில் ஒரு ஜனவரி மாதம் எடுத்த படத்தில் அவள் தெருவைத் தேடினோம். தெரு இல்லை. சிவப்புக்கு நடுவே ஏழெட்டுக் கறுப்புப் புள்ளிகள் ஒன்றாய்ச் சேர்ந்து நின்றன. எரித்த வயலும் கறுப்பாய்த் தெரியக்கூடும் என்று ஆசிரியை எச்சரித்ததால், அவளுடைய ஆயாவிடம் போய்க் கேட்டோம். ஆயா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அங்க தாங்கல் இருந்துச்சும்மா. மாடு குளிப்பாட்டுவோம். கோடையில வத்திடும், ஐப்பசி கார்த்திகையில ரொம்பிடும்" என்றார்கள்.

தோழியின் அப்பா அன்று எங்களோடு சரியாகப் பேசவில்லை. "பத்திரம் இருக்கு, பட்டா இருக்கு, வரி கட்டறேன். இப்ப இந்தப் படத்தை வச்சிக்கிட்டு நான் என்ன செய்யறது? வீட்டை இடிச்சிடட்டுமா?" என்றார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை, இன்றும் இல்லை. அவர் யாரையும் ஏமாற்றியவர் அல்லர். வற்றிக் கிடந்த கோடையில் மனையைப் பார்த்தார், வாங்கினார். ஒன்று மட்டும் சொல்கிறோம்: வாங்குமுன் அந்தப் படத்தை யாராவது அவருக்குக் காட்டியிருக்கலாம் அல்லவா?

வீட்டை இடித்த கதை ஒன்று நம் ஊரிலேயே உண்டு. முத்திரையர்பாளையத்தில் வாழ்ந்த ஆயி என்னும் மாதின் மாளிகையைக் கோயில் என்று எண்ணி மன்னர் கைகூப்பினாராம். பிறகு உண்மை அறிந்து சினந்து, அதை இடிக்க ஆணையிட்டாராம். அவள் தானே இடித்துவிட்டு அவ்விடத்தில் ஊருக்காகக் குளம் வெட்டினாள் என்பது வழிவழியாக வரும் கதை. பிற்காலத்தில் மூன்றாம் நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சுக்காரர்கள் முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்குக் குடிநீர் கொண்டுவந்தபோது எழுப்பிய நினைவுச் சின்னம்தான் பூங்காவில் நிற்கும் ஆயி மண்டபம். வீடிருந்த இடத்தில் குளம் வந்தது அன்று. குளமிருந்த இடத்தில் வீடு வந்திருக்கிறது இன்று. அம்மண்டபத்தை நம் அரசின் சின்னமாகவும் வைத்துக்கொண்டிருக்கிறோம்!

படத்தை அப்படியே நம்பிவிடலாம் என்றும் நாங்கள் சொல்ல வரவில்லை. மே மாதப் படத்தையும் டிசம்பர்ப் படத்தையும் பக்கத்தில் வைத்து "ஏரி காணாமற் போயிற்று" என்று கூவினால் அது பிழை. நம் ஏரிகள் வடகிழக்குப் பருவமழையை நம்பி நிரம்பி வற்றுபவை. ஒரே மாதத்தை ஒரே மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும். ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மூடிய நீர், மேலிருந்து பார்த்தால் நல்ல பயிரைப் போலச் சிவந்து ஏமாற்றும். வெள்ளம் வந்த நாளிலோ சாதாரணக் கேமராவுக்கு மேகம் மட்டுமே தெரியும். மேகத்தை ஊடுருவ ரேடார் வேண்டும். 2012-இல் சென்ற நம் ரிசாட்-1-உம், 2022-இல் சென்ற இ.ஓ.எஸ்.-04-உம் அத்தகையவை.

இன்னொன்று. அகமதாபாத்திலுள்ள விண்வெளிப் பயன்பாட்டு மையம், 2006-07 படங்களைக் கொண்டு நாட்டின் ஈரநிலங்களை எல்லாம் வரைபடமாக்கியது பெரும் பணி. ஆனால் அதில் 2.25 ஹெக்டேருக்குக் குறைந்த நீர்நிலைகள் உருவமின்றி வெறும் புள்ளியாகவே குறிக்கப்பட்டன. அதாவது ஐந்தரை ஏக்கருக்குக் குறைந்த நம் தாங்கல்கள் எல்லாம் புள்ளிகள். புள்ளிக்குக் கரை ஏது? எல்லை ஏது? ஆயாவின் நினைவுக்கு நாங்கள் மதிப்புத் தருவது இதனால்தான். நம் புதுவையிலேயே 1955 முதல் இயங்கிவரும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், தென்னிந்தியக் காடுகளின் வரைபடங்களை 1982 முதல் வெளியிட்டபோது செயற்கைக்கோள் படத்தோடு நின்றுவிடவில்லை. காட்டுக்குள் நடந்தும் பார்த்தார்கள்.

ஊசுட்டேரிக்குச் சரணாலயம் என்னும் பெயர் 2008-இல் நம் அரசால் கிடைத்துவிட்டது. ஏரியின் ஒரு பாதி தமிழ்நாட்டில் இருக்கிறது. படத்தில் அந்தக் கோடு இல்லை, நாரைக்கும் அது தெரியாது. அவ்வளவு பெரிய ஏரிக்குப் பரிந்து பேசப் பலர் உண்டு. வார்டு தோறும் மறைந்த தாங்கலுக்கு யார் உண்டு? ஆகவே எங்கள் வேண்டுகோள் சிறியது. புதிய மனைப்பிரிவுக்கு ஒப்புதல் கேட்கும்போது, அந்த இடத்தின் பழைய மழைக்காலப் படங்களையும் கோப்போடு இணைத்து, வாங்குவோர் பார்க்கும்படி வைக்கட்டும். நம் பள்ளி நூலகத்தில் ஒரு அலமாரித் தட்டு தந்தால், ஆண்டுதோறும் ஜனவரிப் படம் ஒன்றும், அந்தந்தத் தெருவின் முதியோர் சொன்னவையும் சேர்த்து வைக்க நாங்கள் ஆயத்தம். அன்னையர் மனம் வைக்க வேண்டும்.

தோழியின் அப்பா சென்ற வாரம் எங்களை அழைத்தனுப்பினார். மறுபடியும் திட்டு விழும் என்று அஞ்சிக்கொண்டே போனோம். அவருடைய தங்கை வில்லியனூர்ப் பக்கம் மனை பார்த்திருக்கிறாராம். பேச்சை எங்கெங்கோ சுற்றிவிட்டு, "அந்தக் கறுப்பு சிவப்புப் படம்... அதுல இந்த எடத்தையும் ஒரு தரம் பாத்துச் சொல்லுங்கம்மா" என்றார்.