ரேடியோவைக் கழற்றிய கதை

பக்கத்து வீட்டு மாமி மிக்ஸி போட்டால், நம் வீட்டு ரேடியோ 'கர்ர்ர்' என்று அழுத காலம் ஞாபகம் இருக்கிறதா? சட்னி அங்கே, காதுவலி இங்கே. அதற்கு மின்காந்த இடையூறு என்று பெயர் என்பதெல்லாம் அப்போது நமக்குத் தெரியாது. மாமியைத் திட்டினோம். ஆனால், ஒருவரும் ரேடியோவைத் தூக்கிக் குப்பையில் போடவில்லை.

அமெரிக்காவில் கார் கம்பெனிக்காரர்கள் அதைத்தான் செய்தார்கள்.

2022 டிசம்பரில் எட் மார்க்கி என்ற செனட்டர் 20 கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதினார். 'உங்கள் எலெக்ட்ரிக் கார்களில் ஏ.எம். ரேடியோ உண்டா, இல்லையா?' (ஏ.எம். என்பது நம்ம பழைய மீடியம் வேவ்தான்.) 8 கம்பெனிகள் எடுத்துவிட்டதாக ஒப்புக்கொண்டன. டெஸ்லா, பி.எம்.டபிள்யூ., ஃபோர்டு, ஃபோக்ஸ்வாகன், வோல்வோ எல்லாம் அதில் அடக்கம். பொதுவாகச் சொல்லப்பட்ட காரணம்: மோட்டார் இரைகிறது.

இரைச்சல் நிஜம்தான். பேட்டரியில் இருப்பது டி.சி., மோட்டாருக்கு வேண்டியது ஏ.சி. நடுவே இன்வர்ட்டர் என்ற சமாசாரம், 400 வோல்ட்டை விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை பட்பட்டென்று வெட்டி வெட்டிச் சேர்க்கிறது. ஓடுகிற தண்ணீர்க் குழாயைச் சட்டென்று மூடிப் பாருங்கள், சுவரில் பைப் 'டங்'கென்று அதிரும். மின்சாரமும் அப்படித்தான். எத்தனை வேகமாக வெட்டுகிறோமோ, அத்தனை உயர்ந்த அதிர்வெண் வரைக்கும் சிதறல் போகும். 530-லிருந்து 1700 கிலோஹெர்ட்ஸ் வரை உள்ள ஏ.எம். வீட்டுக்குள் அது நேராக நுழைந்து உட்கார்ந்துகொள்கிறது. மெதுவாக வெட்டினால் என்ன என்பீர்கள். வெட்டலாம். இன்வர்ட்டர் சூடாகும், ஒரு சார்ஜில் ஓடும் கிலோமீட்டர் குறையும். விளம்பரத்தில் போடுவது அந்த எண்ணைத்தானே!

வேறு வைத்தியமும் இருக்கிறது. கேபிளுக்கு உலோக உறை, ஃபில்டர், ஃபெரைட் வளையம், ஒழுங்கான எர்த். எல்லாம் காசு, கொஞ்சம் எடை. அதே 20 பேரில் டொயோட்டா, ஹோண்டா, ஹுண்டாய், கியா, நிஸான் என்று 10 பேர் ஏ.எம்.மை எடுக்கவில்லை. அவர்கள் வண்டிக்கு மட்டும் வேறு இயற்பியலா?

சரி, இதற்கெல்லாம் டெஸ்ட் கிடையாதா? உண்டு. சுவரெல்லாம் கூம்பு கூம்பாக நுரை ஒட்டிய அறைக்குள் காரை நிறுத்தி, எதிரே ஆன்டெனா வைத்து அளக்கிறார்கள். ஆனால், ஐ.நா.வின் ஆர்-10 விதி, கார் காற்றில் விடும் இரைச்சலை 30 மெகாஹெர்ட்ஸிலிருந்துதான் அளக்கச் சொல்கிறது. ஏ.எம். அதற்கு ரொம்பக் கீழே. நம்ம ஊர் ஏ.ஐ.எஸ்.-004 விதியும் அதை ஒட்டியதுதான். காருக்குள் இருக்கும் ரேடியோவைக் காப்பாற்ற சிஸ்பர்-25 என்று ஒரு தரநிர்ணயம் இருக்கிறது. அது ஏ.எம்.மையும் பார்க்கும். ஆனால், காரில் எந்த ரேடியோ இருக்கிறதோ, அந்தப் பட்டைக்கு மட்டும். ரேடியோவைக் கழற்றிவிட்டால் அந்தப் பரீட்சையே கிடையாது! இத்தனைக்கும் சிஸ்பர் என்ற அமைப்பு 1934-ல் ஆரம்பிக்கப்பட்டதே ரேடியோ கேட்கிறவனை இரைச்சலிலிருந்து காப்பாற்றத்தான்.

'போனில் கேட்டுக்கொள்ளுங்களேன்' என்கிறார்கள். பெரிய புயல் ஒன்றைப் பார்த்தவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள். முதலில் கரன்ட் போகும், பின்னாலேயே செல்போன் டவர். அன்றைக்கு வாசலில் நிற்கும் காரின் ரேடியோதான் மிச்சம். அமெரிக்க அரசாங்கம் அவசரச் செய்திக்கு நம்பியிருந்த 77 வானொலி நிலையங்களில் பெரும்பாலானவை ஏ.எம். ஜனத்தொகையில் 90 சதவிகிதத்துக்கு மேல் எட்டும். பேரிடர் நிர்வாக அமைப்பான ஃபெமாவின் முன்னாள் தலைவர்கள் 7 பேர் 2023-ல் சேர்ந்து கடிதம் எழுதியது சும்மா இல்லை.

அந்த வருடம் மே மாதம், எல்லா காரிலும் ஏ.எம். கட்டாயம் என்று ஒரு மசோதா வந்தது. உடனே ஃபோர்டு பின்வாங்கியது. ஏ.எம். இல்லாமல் விற்ற எலெக்ட்ரிக் கார்களுக்கும் சாஃப்ட்வேர் அப்டேட்டில் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள்.

கவனியுங்கள், சாஃப்ட்வேரில்! பெட்டி உள்ளேயே சும்மா உட்கார்ந்திருக்கிறது. இரைச்சல் அவ்வளவு பெரிய தடை என்றால், ஒரு கேபிளைக்கூட மாற்றாமல் எப்படி சார் ரேடியோ திரும்பி வந்தது?